மஸ்கட்டிலிருந்து வந்த குளியல் கூண்டு

மஸ்கட்டில் நான் இன்ஜினியராக இருக்கிறேன் என்று ஊரில் பேச்சு. அதை நான் கிளப்பிவிடவில்லை, மறுக்கவும் இல்லை. தொழிலாளர் கேம்ப்களில் ஃபைபர் குளியல் கூண்டுகளைக் கொண்டுபோய் மாட்டுவதும், அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்துவதும்தான் என் வேலை. உடைந்தால் ஒட்டுகிற பழக்கம் அங்கே கிடையாது. கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்டுவோம். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேர் குளிக்க வழி செய்திருக்கிறேன். ஒருவரும் நன்றி சொன்னதில்லை என்றாலும் அந்தக் கூண்டின்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டாகிவிட்டது.

மூன்று பக்கமும் வழவழப்பான வெள்ளைச் சுவர். கீழே நடுவில் ஓட்டை வைத்த ஒரு தட்டு. முன்னால் தள்ளுகிற கதவு. மேலே மட்டும் திறந்திருக்கும். கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் புதுவீடு கட்டியபோது, படுக்கையறையை ஒட்டிய குளிமுறிக்கு அப்படி ஒன்றை கார்கோவில் அனுப்பினேன். லீவில் வந்து நானே மாட்டினேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் அதன்மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு, "இது பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பேச்சை இத்தோடு முடி என்றும் அர்த்தம். நான் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. வீட்டில் கால் வைத்ததும் முதலில் போய்க் கூண்டைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து பிரித்த மாதிரி பளபளவென்று இருக்கும். உள்ளே நின்றால் தேனும் புகையும் கலந்த மாதிரி ஒரு மணம். நான் கொண்டுவந்த சோப்பின் மணத்தை ஃபைபர் பிடித்து வைத்திருக்கிறது என்று நானே ஒரு கண்டுபிடிப்பு நடத்தி, கேம்ப்பில் திரும்பிப் போய் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். கூண்டின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே, தலைக்குமேல், தடித்த இரும்புக் கம்பி ஒன்றை அவள் போட்டு வைத்திருந்தாள். குளித்துத் துடைக்கிற துவர்த்து போட நல்ல ஏற்பாடு என்று பாராட்டினேன். அதற்கும் "கொள்ளாம்" என்றுதான் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். மகள் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வந்த மூன்றாம் நாள் காலையில் தலை முழுக்க சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். காலுக்கடியில் படக்கென்று ஒரு சத்தம். தட்டு வெடித்து, வெடிப்புக்குள் நுரை இறங்குகிறது. நான் கத்தியதும் அவள் ஓடிவந்தாள். முதலில் வெடிப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அப்போது பிறந்த மேனியாக இருந்தேன் என்பதால் பார்க்க நிறைய இருந்தது.

"நீங்க கொஞ்சம் கனம் வச்சிட்டிய," என்றாள்.

உண்மைதான். தராசில் ஏறி நின்றால் நூற்று நாலு கிலோ. என் கூண்டை நானே மிதித்து உடைத்துவிட்டேன் என்ற வருத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றே மாட்டிறைச்சியை நிறுத்தினேன். மரச்சீனிக் கிழங்கை நிறுத்தினேன். காலையில் புட்டும் பழமும் தின்பதை நிறுத்தினேன். புட்டை நிறுத்தியதுதான் கொடுமை. விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருங்கல் சந்திப்புவரை நடந்து திரும்புவேன். வழியில் பார்ப்பவர்கள், "சுகரா?" என்று கேட்பார்கள். கூண்டு உடைந்த கதையைச் சொல்வதற்கு சுகர் என்று சொல்வது மரியாதையாக இருந்தது.

தட்டை ஒட்ட ஆள் தேடினேன். கடற்கரையில் வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டுகிற ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் வாழ்க்கையில் குளிமுறிக்காக யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. உள்ளே நுழைந்து, டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து வெடிப்பை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி பொட்டினது?"

"நான் சவுட்டினதுதான்."

"இருக்காது அண்ணே. ஆளு சவுட்டினா கீறலு நீளமாட்டு ஓடும். இத பாருங்க, எட்டுக்கால் பூச்சி கணக்க நாலு பக்கமும் ஓடியிருக்கு. மேல இருந்து கனமாட்டு எதோ விழுந்திருக்கு. போராத்ததுக்கு யாரோ கீறலுக்குள்ள வெள்ள மாவு வச்சு அடைக்கவும் பாத்திருக்காவ."

அப்போது என் மனைவி சாயாவும் ஏத்த வாழைப்பழம் பொரித்ததும் கொண்டு வந்தாள். "சாயா ஆறுது. குடிச்சிட்டு வேலய பாருங்க," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாயாவைக் குடித்தார். அதற்குப் பிறகு வெடிப்பு எப்படி வந்தது என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடலில் போகிறவர்களுக்கு காற்றின் திசை சட்டென்று தெரிந்துவிடும் போல.

அவர் ஒட்டிய ஒட்டு வள்ளத்துக்கான ஒட்டு. ஃபைபர் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துப் பசை மருந்து ஊற்றி, கையில் மிச்சமிருந்த வள்ளத்து நீலப் பெயின்ட்டையும் அடித்துவிட்டார். "கடல்ல கொண்டு போட்டாலும் மிதக்கும்," என்று உறுதி சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குளிக்கிற தட்டு மிதக்க வேண்டியதில்லையே. நடுவில் ஆமை ஓடு மாதிரி ஒரு மேடு உண்டாகிவிட்டது. தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம், ஓட்டைக்குப் போகாமல் மேட்டைச் சுற்றி நின்றது. நின்று நிறைந்து, கதவின் அடியால் படுக்கையறைக்குள் வந்தது. நாலு மாதம் அந்த நீல மேட்டின்மேல் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப் போலக் குளித்தேன். பதினோரு கிலோ குறைந்தேன். வெள்ளம் மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய செருப்பு மிதந்து வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இத இடிச்சு எறிஞ்சிட்டு மரியாதயா டைல்ஸ் போடுங்க."

டைல்ஸ் வேலைக்கு திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஒல்லியான மனிதர். எது சொன்னாலும் "செய்யலாம்" என்பார். செய்வது அவர் நினைத்ததைத்தான். இது தெரிவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் மனைவிக்கு அரை மணிநேரத்தில் தெரிந்துவிட்டது.

முதல் நாள் கூண்டைப் பிரித்தோம். நானே மாட்டிய திருகுகளை நானே கழற்றினேன். கதவு வந்தது, இடப்பக்கத்துச் சுவர் வந்தது. பின்பக்கத்துச் சுவரைக் கொத்தனார் கடப்பாரையால் நெம்பி எடுத்ததும், கூண்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியிலிருந்து சரசரவென்று என்னவோ கொட்டியது. குனிந்து பார்த்தோம். ஊதுபத்திக் குச்சிகள். பத்து இருபது இல்லை. அள்ளினால் ஒரு கடவப்பெட்டி நிறையும். அவற்றின் நடுவே கருத்துச் சுருங்கிய வாழைக்காம்புகள். கல்லாகிப் போன ஒரு முழுப் பழமும் கிடந்தது.

கொத்தனார் குச்சிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு பொறத்த மாதா கெபி வல்லதும் வச்சு கும்பிட்டியளா?"

என் மனைவி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"இதென்னதுட்டி?" என்றேன்.

"ஊதுபத்திக் குச்சி."

"அது தெரியுது. இஞ்ச எதுக்கு?"

"வாழக்கொல பழுக்க வைக்க."

கொத்தனார் கடப்பாரையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் வசதியாக உட்கார்ந்தார்.

அவள் தயங்கவில்லை. அவளுடைய அப்பா கொடுத்த நிலத்தில் வாழை நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். குலையை வெட்டிச் சந்தையில் பச்சையாகக் கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். "பச்சையாட்டு குடுத்தா அவன் கார்பைடு கல்லு வச்சு பழுக்க வைப்பான். வாயில வைக்க கொள்ளாது. நான் இதுக்குள்ள கொலய தூக்கி, மேல சாக்கு போட்டு மூடி, பத்தி கொளுத்தி வைப்பேன். புக ஒரு துளி வெளிய போவாது. மூணாம் நாளு பொன்னு நெறத்துல இருக்கும். மார்த்தாண்டத்துலருந்துகூட வந்து பாத்து வாங்கிட்டு போவாவ."

"வந்து பாத்துன்னா? எங்க வந்து?"

"இஞ்சதான்."

எங்கள் படுக்கையறை வழியாக. நான் மஸ்கட்டில் என் கூண்டைப் பற்றி ஏங்கிக் கிடந்த காலத்தில், யார் யாரோ என் கட்டிலைத் தாண்டிப் போய் அதற்குள் தலையை விட்டுப் பழம் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

கொத்தனார் முகம் மலர்ந்தது. "அக்கா, அது இதுலயா பழுத்தது? எனக்க தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு கொல இங்கருந்துதான் ஆள் விட்டு வாங்குனோம். என்னா பழம்!"

"அப்ப இந்தக் கம்பி?" என்றேன்.

"கொல தூக்க."

"துவர்த்து போடன்னுல்லா சொன்ன?"

"நீங்கதான் துவர்த்து போட்டிய. நான் ஒண்ணும் சொல்லல்ல."

"பின்ன நீ எங்க குளிச்ச, இத்தன வருசமும்?"

"வெளிய உள்ள குளிமுறியில. இதுக்குள்ள ஒரு நாளு குளிச்சேன். பெட்டியில வச்சு ஆணி அடிச்ச மாதிரி இருந்துது. கைய பொக்கினா முட்டுது, குனிஞ்சா முட்டுது. ஒரு வாளி வைக்க எடமில்ல."

எனக்கு அப்போதுதான் வள்ளத்துக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. எட்டுக்கால் பூச்சி. மேலேயிருந்து விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் முதன்முறையாகத் துடைப்பத்தைப் பார்த்தாள்.

"நீங்க வரதுக்கு ரெண்டு நாளு முன்ன ஒரு ஏத்தங்கொல கயிறு அறுந்து விழுந்துட்டு. கொஞ்சம் பெரிய கொல."

"நான் நாலு மாசமா புட்டு தின்னாம நடந்தேனேட்டி!"

"நடந்தது உடம்புக்கு நல்லதுதானே. பதினோரு கிலோ கொறஞ்சுதுல்லா."

கொத்தனார் சிரிப்பை அடக்கக் கடப்பாரையை எடுத்துத் தேவையே இல்லாத ஓரிடத்தில் இரண்டு இடி இடித்தார்.

நான் வெளியே போய், பிலா மரத்து மூட்டில் அடுக்கி வைத்திருந்த சிமென்ட் மூடைகளின்மேல் உட்கார்ந்தேன். கோபம். எதன்மேல் என்று வரிசைப்படுத்தப் பார்த்தேன். ஏமாற்றிவிட்டாள் என்பது ஒன்று. ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரியது. சோப்பின் மணம் என்று கேம்ப்பில் பேசியதை நினைத்தபோது காது சூடாகியது. அப்படியே உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. நான் வருகிற ஒவ்வொரு தடவையும் அது பளபளவென்று இருந்ததே. வாழைக்கறை லேசில் போகாது. அது பட்ட சட்டை பிறகு சட்டையே இல்லை. அப்படியென்றால் நான் விமானம் ஏறுவதற்கு முன்பே இவள் சாக்கைக் கழற்றி, கயிறுகளை ஒளித்து, எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் போட்டு மூலை மூலையாகத் தேய்த்திருக்கிறாள். வருடா வருடம். நான் போன மறுநாள் மறுபடியும் குலையைத் தூக்கியிருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. "எதுக்குட்டி எனக்கிட்ட சொல்லல்ல?"

அவள் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வந்ததும் பையக்கூட எறக்கி வைக்காம போயி அதத்தான் தொட்டு பாப்பிய. பொறவுதான் என்னய பாப்பிய. அப்படி இருக்கச்ச எப்படி சொல்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மீன்முள் ஒன்று அகப்பட்டதாக நடித்து மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் கேட்காமலேயே புட்டு வந்தது. மூன்று குழல் தின்றேன். நடக்கப் போகவில்லை.

டைல்ஸ் வாங்க இரண்டு பேருமாகப் போனோம். எனக்கு வெள்ளை வேண்டும். மஸ்கட் மால்களில் இருக்கிற மாதிரி, முகம் தெரிகிற வெள்ளை. அவள் கடைக்காரரிடம் ஒவ்வொரு மாதிரியையும் தரையில் வைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் துப்பி, காலால் தேய்த்துப் பார்த்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சொரசொரப்பான கரும்பச்சையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கதவு வேண்டாம், உட்கார்ந்து கால் தேய்க்க ஒரு திண்டு, பெரிய வாளி வைக்க இடம், அதற்குமேல் ஒரு குழாய். ஷவர் உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தரை போடுகிற நாளில் எனக்கும் கொத்தனாருக்கும் சண்டை. என் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு பக்கமாகவே ஓடுகிறது. "தரை கோணலாட்டு இருக்கு ஓய்," என்றேன்.

"அது வாட்டம் அண்ணே. வாட்டம் இல்லேன்னா வெள்ளம் எப்படி போவும்?"

தண்ணீர் போகிற குழியின் பக்கமாகத் தரை சரிய வேண்டும் என்பது மூளைக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் கூண்டு மாட்டிய எனக்கு சரிவு என்பது கம்பெனியிலிருந்தே தட்டோடு வருகிற விஷயம். மனிதன் கையால் உண்டாக்குவதை நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் மட்டமாக்கச் சொன்னேன். "செய்யலாம்," என்றார். செய்யவில்லை. கடைசி டைலை வைத்துவிட்டு, நாளைவரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே நான் என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்த பூனையிடமும் சொன்னேன்.

மறுநாள் ஒரு வாளி வெள்ளத்தை ஊற்றிப் பார்த்தோம். நாலு பக்கமிருந்தும் அடக்கமாக ஓடிக் குழிக்குள் இறங்கியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஷவருக்குக் கீழே, உள்ளங்கை அளவு தேங்கி நின்றது. கொத்தனார் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "இந்த ஒரு டைல்ஸ் அமுங்கியிருக்கு. யாரோ சவுட்டியிருக்காவ."

என் மனைவி என்னைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஷவரின் உயரம் சரியாக இருக்கிறதா என்று நான் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நின்று பார்த்திருந்தேன். புட்டு தின்று ஏறிய எடையோடு.

"பேத்து மாத்தணுமா?" என்றேன்.

"எதுக்கு? நீங்க குளிக்கச்ச அதுமேலதானே நிப்பிய. உங்க கால் இருக்க எடத்துல வெள்ளம் நிக்காது," என்றார். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

கூண்டின் சுவர்களை எறியவில்லை. பிலா மூட்டுப் பக்கத்தில் நானே தளம் போட்டு, திருகு திருகாக மாட்டி, மேலே தகரமும் வைத்துக் கொடுத்தேன். நான் வந்த பிறகு அவள் குலையைப் பச்சையாகவே விற்றுக்கொண்டிருந்தாள். வாங்குகிறவர்கள் பழம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். புகை போடும் பொறுப்பை முதலில் எனக்குத் தந்தாள். ஊதுபத்தி தீர்ந்துபோன ஒரு நாள், புகை எல்லாம் ஒன்றுதானே என்று கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டேன். அந்தக் குலையை ஆடுகூடத் தொடவில்லை. அதிலிருந்து எனக்குக் குலை சுமக்கிற வேலை மட்டும்.

கொத்தனார் வேலையை முடித்துப் போகும்போது, குளிமுறியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா, வாட்சப்பில் ஸ்டேட்டஸ் வைக்க, என்று கேட்டார். எடுத்துக்கொள்ளும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவிலுக்கு வெளியே நிற்கும்போது, எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டைல்ஸ் கொள்ளாம் ஓய். பட்டாபட்டியும் கொள்ளாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஃபோனை எடுத்துக் காட்டினார். கரும்பச்சைச் சுவர், திண்டு, குழாய், எல்லாம் அருமையாக விழுந்திருந்தது. சுவரின் நடுவில், கொக்கியில், சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட என் பட்டாபட்டி அண்டர்வேர் கம்பீரமாகத் தொங்கியது. பின்பக்கம் கிழிந்திருந்ததும் தெளிவாகத் தெரிந்தது.

அங்கேயே நின்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிடும் என்றேன்.

"அண்ணே, அத பாத்துதான் ரெண்டு பேரு வேலக்கி கூப்பிட்டிருக்காவ. போட்டோவுல ஆளு குளிக்கிய எடம் மாதிரி இருக்குன்னு சொன்னாவ," என்றார். "ஒரு வாரம் கெடக்கட்டே?"

பக்கத்தில் நின்ற என் மனைவி தலையிலிருந்த முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கத் திரும்பி நின்றாள். கெடக்கட்டு என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.